பர்ஸுக்குள் ஒரு மாத்திரை: மனநல மருத்துவரின் பதில்கள்

பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒரே விஷயத்தைப் பலமுறை சொல்ல நேரும் என்பதால், அவற்றில் எட்டுக் கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் ஒருவர்கூடத் தம் பெயரை வெளியிடச் சம்மதிக்கவில்லை. சர்க்கரை நோய் மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்கள் ஊர், பேர் எல்லாம் எழுதிவிட்டுத்தான் கேட்கிறார்கள். இந்தத் தயக்கத்தையும் நோயின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரைகளைத் தற்போது தினமும் சாப்பிட்டுவருபவர் எவரும், இந்தப் பக்கத்தைப் படித்த வேகத்தில் இன்றிரவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோடு முடிந்தது என்று தோன்றிவிட்டது. இதயப் பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பதற்ற நோய் என்று சொல்லி, இரவில் 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நன்றாகக் கேட்டது. பிறகு அதே பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். இப்போது 0.5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. மதிய மாத்திரை கொஞ்சம் தாமதமானாலும் கை நடுங்குகிறது. குடி, சிகரெட் எதுவும் எனக்குக் கிடையாது. நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: அடிமை என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கடிதத்திலுள்ள எண்களைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கியது இப்போது 1.5 மில்லிகிராமில் நிற்கிறது. ஆறு மடங்காக உயர்ந்த இந்த அளவை எந்த மருத்துவரும் உயர்த்தவில்லை. ஒவ்வொரு முறையும் 'இன்று கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே' என்று நீங்களே உயர்த்தியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யத் தூண்டியது உங்கள் மனவுறுதிக் குறைவு என்று நினைத்து நொந்துகொள்ள வேண்டாம், அந்த மருந்து வேலை செய்யும் விதமே அதுதான்.

அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம் ஆகிய எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்குவதற்கென்றே காபா என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது நரம்பணுவின் மேல் வந்து அமரும்போது, குளோரைடு அயனிகள் உள்ளே செல்வதற்கான வாயில் திறந்து, அந்த அணு அமைதியடைகிறது. உங்கள் மாத்திரை தானாக அந்த வாயிலைத் திறப்பதில்லை. காபா வந்து அமரும்போதெல்லாம் வாயில் வழக்கத்தைவிட அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. நீங்கள் வண்டி ஓட்டுபவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: பிரேக்கின் மீது வெளியிலிருந்து வேறொரு கால் அழுந்தியிருப்பதை நாளடைவில் உணர்ந்துகொள்ளும் மூளை, தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரையும் கூட்டிக்கொள்கிறது. அதனால் பழைய அளவு மாத்திரை போதாமல் போகிறது. அந்த வெளிக்கால் விலகும் நேரத்தில் வண்டி பாய்கிறது.

மதியம் உங்கள் கை நடுங்குவது அதனால்தான். அல்பிரசோலம் உட்கொண்டவரின் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக 11 மணி நேரம் ஆகிறது. முதியவர்களுக்கு 16 மணி நேரம் வரை ஆகலாம். மருந்து முழுவதுமாக வெளியேறும் முன்பே, அளவு இறங்கத் தொடங்கும்போதே, பழகிய மூளை முரண்டு பிடிக்கும். நடுக்கம், படபடப்பு, வியர்வை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற உணர்வு எல்லாம் வரும். இவை பதற்ற நோயின் அறிகுறிகளையே அச்சு அசலாக ஒத்திருப்பதால், 'எனக்கு நோய் இன்னும் போகவில்லை, மாத்திரை இல்லாமல் முடியாது' என்ற முடிவுக்கு வருகிறீர்கள். நோய்க்கு மாத்திரை என்று தொடங்கியது, மாத்திரை குறைவதால் வரும் தொல்லைக்கு மாத்திரை என்று ஆகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சில வாரங்கள் தினமும் இந்த மாத்திரையைச் சாப்பிடும் எவருடைய உடலும் அதைச் சார்ந்திருக்கப் பழகிவிடக்கூடும். அதற்கு நல்லவர், கெட்டவர் என்ற பேதம் கிடையாது. அடிமைத்தனம் என்று நாங்கள் சொல்வது வேறு. தீங்கு கண்ணெதிரே தெரிந்தும் தேடித் தேடிப் போவதும், அதற்காகப் பொய் சொல்வதும், வேலையையும் உறவுகளையும் விட்டுக்கொடுப்பதும் அதில் அடங்கும். உங்கள் கடிதத்தில் உறுதியாகத் தெரிவது முதலாவதுதான். ஆனால், இரண்டு வாரத்துக்கு எழுதிய சீட்டை இரண்டு ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறவர்களில் பலர் அந்தப் படியில்தான் காலை வைக்கிறார்கள்.

மருத்துவ உலகமும் இதில் சறுக்கியதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1957-இல் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர், அமெரிக்காவில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பொருள்களை அப்புறப்படுத்தும்போது, சோதிக்கப்படாமலே இருந்த ஒரு சேர்மத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அது குளோர்டயசெபாக்சைடு, 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் டயசெபாம், வேலியம் என்ற பெயரில் வந்தது. அதற்கு முன்பு புழக்கத்திலிருந்த பார்பிச்சுரேட் மருந்துகள் அளவு சற்று மிஞ்சினாலே உயிரைப் பறிக்கக்கூடியவையாக இருந்ததால், அவற்றோடு ஒப்பிடும்போது இவை பரம சாதுவாகத் தெரிந்தன. அந்த ஒப்பீட்டு நிம்மதியில், எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்ற கேள்வியை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பலர் கேட்கவே இல்லை. 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, பதற்றத்துக்கு இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் வேறொன்று. உங்கள் பதற்ற நோய்க்கு இந்த இரண்டு ஆண்டுகளில் சிகிச்சையே நடக்கவில்லை. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள் பலன் தருவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டாலும், நோயையே குறைக்கக்கூடியவை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சுவழி சிகிச்சைக்கும் திடீர்ப் பதற்றத்தில் நல்ல பலன் இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து, சாப்பிடும் உண்மையான அளவை ஒரு மாத்திரைகூடக் குறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு 'இரண்டு வேளைதான்' என்று சொன்னால், அந்தக் கணக்கை நம்பி அவர் தொடங்கும் சிகிச்சை உங்களுக்கே ஆபத்தாக முடியும். மாத்திரை சாப்பிட்ட நிலையில் வண்டி ஓட்டுவதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். எதிரே திடீரென்று எவராவது குறுக்கிட்டால் பிரேக் பிடிக்க எடுக்கும் நேரத்தை இந்த மருந்து கூட்டிவிடுகிறது. உங்களுக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகளாகக் குளோனசெபாமும் அல்பிரசோலமும் சேர்த்துச் சாப்பிட்டுவந்தது எனக்குத் தெரியாது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் அட்டை அட்டையாகக் கிடைத்தபோது, கோபத்தில் அத்தனையையும் பிரித்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அவரும் 'இனிமேல் தொட மாட்டேன்' என்று சத்தியம் செய்தார். இரண்டு நாள் தூங்காமல், வியர்த்து வழிந்துகொண்டு நடமாடினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. இப்போது மருத்துவமனையிலிருந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டார். ஆனாலும் என்னால்தான் இப்படி ஆயிற்றோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பதில்: அம்மா, உங்கள் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள் செய்ததைத்தான் செய்வார்கள். கெட்ட பொருளைத் தூக்கி எறிந்தால் கெடுதலும் அதோடு போய்விடும் என்று நினைப்பது இயல்பு. புகையிலையை அப்படி எறியலாம். இந்த மாத்திரையை அப்படி எறிய முடியாது என்பது பலருக்கும் தெரிந்திருக்கவில்லை; உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

முதல் பதிலில் சொன்ன அந்த வெளிக்கால் மெல்ல விலகாமல், ஒரே நொடியில் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டில் பார்த்தீர்கள். அடக்குவாரின்றி மூளையின் நரம்பணுக்கள் ஒட்டுமொத்தமாகத் துடிக்கத் தொடங்கும்போது தூக்கம் அறவே போய், வியர்வை, நடுக்கம், ஒளியையும் சத்தத்தையும் தாங்க முடியாத நிலை ஆகியவை வரும். சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். சிலருக்கு வலிப்பு வரும். வலிப்பு அடுத்தடுத்து வந்தால் உயிருக்கே ஆபத்து. அல்பிரசோலம் போல விரைவில் வெளியேறும் மருந்துகளில் இந்தத் தொல்லைகள் ஓரிரு நாளில் தலைகாட்டும்; டயசெபாம் போல உடலில் நீண்ட நாள் தங்கும் மருந்துகளில் ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். அதனால் 'மூன்று நாள் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை, இனிப் பயமில்லை' என்று எவரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தும் அன்று. லிப்ரியம் விற்பனைக்கு வந்த அடுத்த ஆண்டே, 1961-இல், லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும், பல மாதங்களாக அதை மிக அதிக அளவில் உட்கொண்டுவந்த நோயாளிகளில் 11 பேருக்கு மருந்தைச் சட்டென்று நிறுத்தி, அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 10 பேருக்குப் புதிய தொல்லைகள் வந்தன. 2 பேருக்கு வலிப்பே வந்தது. அப்படிப்பட்ட சோதனையை இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது என்பது வேறு விஷயம். அந்த எச்சரிக்கை அப்போதே அச்சில் வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லா மருந்துகளின் குறிப்பேட்டிலும் தவறான பயன்பாடு, அடிமைத்தனம், உடல் சார்பு, நிறுத்தும்போது வரும் தொல்லைகள் பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது 2020-இல்தான்.

மருத்துவமனையில் உங்கள் கணவரின் வலிப்பை நிறுத்தப் பெரும்பாலும் லோராசெபாமோ டயசெபாமோதான் ஊசியாகப் போட்டிருப்பார்கள். எதை நீங்கள் கழிவறையில் கொட்டினீர்களோ, அதன் உடன்பிறப்பே அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைச் சொல்வது உங்களைப் புண்படுத்துவதற்காக அன்று. இந்த மருந்துகளை ஒரேயடியாக விஷம் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி நடக்க வேண்டியது மெதுவாகக் குறைப்பது. பலமுறை பின்பற்றப்படும் ஒரு வழி, விரைவில் வெளியேறும் மாத்திரைகளுக்குப் பதிலாக அதற்கு ஈடான அளவு டயசெபாமுக்கு மாற்றி, பிறகு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை குறைத்துக்கொண்டே வருவது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இது பல மாதங்கள் பிடிக்கும். ஓராண்டைத் தாண்டினாலும் வியப்பில்லை. கடைசியில் சிறு துண்டுகளாக வெட்டிச் சாப்பிடும் கட்டம்தான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. முதல் பாதியை மளமளவென்று கடந்தவர்கள்கூட அங்கே வந்து நின்றுவிடுவார்கள். அப்போது சில வாரங்கள் அதே அளவில் நிற்பதில் தவறில்லை. மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை, அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டால், மருத்துவரிடம் பேசிச் செய்துகொள்ளலாம். அவருடைய அலமாரியை மறுபடி சோதனையிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒளித்து வைக்க வேண்டிய தேவை இல்லாத வீட்டில்தான் குறைப்பது நடக்கும்.

கேள்வி: கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். தேர்வு என்றால் கை கால் நடுங்கும். என் தோழி அவளுடைய அம்மாவின் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தாள். அன்று தேர்வு பயமே இல்லாமல் எழுதினேன். ஆனால் படித்தது பாதி நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் மட்டும் சாப்பிட்டால் என்ன தவறு?

பதில்: பயமும் போய், பாடமும் போனது தற்செயல் அன்று, அம்மாடி. இந்த மருந்துகள் வேலை செய்யும் நேரத்தில் புதிய நினைவுகள் பதிவாவதைத் தடுக்கின்றன, கவனத்தையும் மந்தமாக்குகின்றன. இந்தக் குணத்தை நாங்களே வேண்டுமென்று பயன்படுத்துவது உண்டு. குடல் உள்நோக்கிச் சோதனை போன்றவற்றுக்கு முன் மிடசோலம் என்ற உறவுக்கார மருந்தை ஊசியாகப் போடுவதற்கு ஒரு காரணம், சோதனையின்போது நடந்தது நோயாளிக்கு நினைவில் தங்காமல் இருக்கட்டும் என்பதுதான். தேர்வுக்கு முந்தைய இரவில் அதைச் சாப்பிட்டுவிட்டு விடிய விடியப் படிப்பவர், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறார்.

மற்றொருவருக்கு எழுதிய மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து, அவருடைய வயது, எடை, ஈரல், அவர் சாப்பிடும் பிற மருந்துகள், எத்தனை ஆண்டுகளாக அவர் உடல் அதற்குப் பழகியிருக்கிறது என்ற எதுவும் உங்களுக்குப் பொருந்தாது என்பதே. பழகிய அந்த அம்மாவுக்குச் சாதாரணமான அளவு, பழகாத உங்களை வகுப்பிலேயே சாய்த்துவிடலாம். சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும், அமைதிக்குப் பதிலாக நேர்மாறாக எரிச்சலும் ஆவேசமும் வருவதுண்டு. தேர்வு நேர நடுக்கத்துக்குப் பயிற்சிகள் இருக்கின்றன; சிலருக்கு இதயத் துடிப்பைத் தணிக்கும் புரொப்ரனலால் உதவும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. எதுவானாலும் தோழியின் பையிலிருந்து வரக் கூடாது.

கேள்வி: 0.5 மில்லிகிராம்தானே, இத்துனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும்? தலைவலி மாத்திரையே 500 மில்லிகிராம் இருக்கிறது.

பதில்: மில்லிகிராம் என்பது எடை, வீரியத்தின் அளவுகோல் அன்று. 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் சுமார் 10 மில்லிகிராம் டயசெபாமுக்கு ஈடானது என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் கணக்கு. இருபது மடங்கு. மாத்திரையை மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து 'அதே 5, இதுவும் 5' என்று சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு மாறாதபோதும் வீரியம் மாறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் ஈரலில் அல்பிரசோலம் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மணி நேரம் உயர்த்தி வைத்துவிடும். தோல் அரிப்புக்கும் தொண்டை வலிக்கும் மருத்துவரிடம் போகும்போதுகூட இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: அலுவலக நெருக்கடியில் இரவு இரண்டு பெக் குடிப்பேன். தூக்கம் வராத நாளில் கூடவே ஒரு மாத்திரை. மறுநாள் யாரோடு என்ன பேசினேன் என்பதே மறந்துபோகிறது. இதைத் தவிர வேறு பிரச்சினை எதுவும் இல்லை. முதுகுவலிக்கு டிரமடால் எப்போதாவது எடுப்பேன்.

பதில்: 'இதைத் தவிர வேறு பிரச்சினை எதுவும் இல்லை' என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையது.

மதுவும் இந்த மாத்திரையும் மூளையில் ஏறத்தாழ ஒரே வாயிலின் மேல்தான் வேலை செய்கின்றன. குடியை நிறுத்துபவருக்கு வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க நாங்கள் இதே குடும்பத்து மருந்துகளைக் கொடுப்பது அதனால்தான். டிரமடால், கோடீன் போன்ற அபின் வகை வலி மருந்துகள் வேறொரு வழியாக மூச்சு விடும் மையத்தை மந்தமாக்குகின்றன. பென்சோடயசெபைனைத் தனியாக அதிகம் சாப்பிட்டுவிட்டவர்களில் பெரும்பாலோர் நீண்ட நேரம் தூங்கி எழுந்துவிடுகிறார்கள்; உயிரிழப்புகளில் மிகுதியானவை மதுவோ அபின் வகை மருந்தோ கூடச் சேரும்போதுதான் நேர்கின்றன. இந்தச் சேர்க்கை குறித்து மட்டுமே 2016-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தனியாகக் கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. உங்கள் வீட்டில் மூன்றும் ஒரே இரவில், ஒரே மேசையில் இருக்கின்றன.

இறப்பு எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அன்று. சத்தமோ துடிப்போ எதுவும் இருக்காது. குறட்டை கனமாகும், இடைவெளி நீளும், பக்கத்தில் படுத்திருப்பவர் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று நினைத்துக்கொள்வார். வாந்தி வந்தால் இருமி வெளியேற்றும் அனிச்சையும் அடங்கியிருக்கும். இப்படி ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பாரித்திருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஃபுளூமசெனில் என்ற முறிமருந்து இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் வேலை விரைவில் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலையோ நீடிக்கும். போதாக்குறைக்கு, நெடுநாள் பழகியவருக்கு அதைப் போட்டால் வலிப்பு வரக்கூடும். எனவே மருத்துவர்களே அதைத் தயங்கித் தயங்கித்தான் எடுக்கிறார்கள்.

மறந்துபோகும் பேச்சுகளுக்கும் இதில் இடம் உண்டு. ஒரு மாத்திரையைச் சாப்பிட்டது மறந்துபோய் இன்னொன்றைச் சாப்பிடுவது அந்த மறதியில் எளிதாக நடக்கும். தினமும் குடிப்பவர் என்றால் குடியையும் மாத்திரையையும் நாளைக்கே சேர்த்து நிறுத்துவதும் ஆபத்து. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை இரண்டும் ஒரே இரவில் சேர வேண்டாம், டிரமடால் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா இறந்தபோது தூக்கத்துக்கென்று கொடுத்த டயசெபாம் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடர்கிறது. சமீபத்தில் இருமுறை இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். பெயர்கள் மறக்கின்றன. மறதி நோய் ஆரம்பமா?

பதில்: மறதி நோயாக இருக்கலாம். ஆனால் அந்த முத்திரையைக் குத்தும் முன் மாத்திரையின் மீது சந்தேகப்படுவது அறிவுடைமை. டயசெபாம் ஈரலில் சிதையும்போது, தானும் அதே வேலையைச் செய்யும் ஒரு துணைப்பொருளாக மாறுகிறது. அது பாதியாகக் குறையவே 100 மணி நேரம் வரை ஆகலாம். வயது ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் நீளும். அப்படியானால் நேற்றைய மாத்திரையும் முந்தாநாள் மாத்திரையும் உள்ளே இருக்கும்போதே இன்றைய மாத்திரை போய்ச் சேர்கிறது. 64 வயதில் தாங்கிய அதே அளவு, 76 வயதில் அதே அளவாக இருப்பதில்லை. தள்ளாட்டம், விழுதல், இடுப்பெலும்பு முறிவு, மந்தம், குழப்பம் ஆகியவை இதன் விளைவுகள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும், பியர்ஸ் அளவுகோல் என்று அழைக்கப்படும் பட்டியலில், 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளில் பென்சோடயசெபைன்களும் உள்ளன. அவற்றுக்குப் பதிலாக இப்போது தரப்படும் ஜோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

பன்னிரண்டு ஆண்டு வழக்கத்தை மருத்துவரின் துணையோடு மிக மெதுவாகக் குறைத்தால், சிலருக்கு மந்தம் விலகிப் பேச்சில் பழைய துடிப்பு திரும்புவதைக் குடும்பத்தினரே சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அதுவரை இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். அப்பா போன துக்கத்துக்கு அம்மா அழுது தீர்த்தாரா, அல்லது அந்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டாரா என்று கேட்டுப் பார்க்க இப்போதும் நேரம் இருக்கிறது.

கேள்வி: கருவுற்று ஐந்து வாரம் ஆகிறது. குளோனசெபாம் சாப்பிடுகிறேன். இன்றே நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். தாய்க்கு வலிப்பு வந்தால் அது குழந்தைக்கும் ஆபத்து. மகப்பேறு மருத்துவரையும் மனநல மருத்துவரையும் ஓரிரு நாளுக்குள் பார்த்து, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியும்படி செய்யுங்கள். கடைசி மாதங்களில் இம்மருந்து தொடர்ந்தால் பிறக்கும் குழந்தை துவண்டு, பால் குடிக்கச் சோர்ந்து, மூச்சில் மந்தமாக இருக்கக்கூடும். பிறகு மருந்து விலகும் நடுக்கமும் வரலாம். எனவே குறைக்க வேண்டுமா, எவ்வளவு வேகத்தில் என்பதை முடிவு செய்ய இப்போதே தொடங்குவது நல்லது. கேட்டு எழுதியது மிகச் சரி.

கேள்வி: மாத்திரையை மருத்துவர் சொன்னபடியே படிப்படியாகக் குறைத்து நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஆனால் பர்ஸில் ஒரே ஒரு அல்பிரசோலம் எப்போதும் இருக்கும். இருக்கிறது என்ற தைரியத்தில்தான் கூட்டத்துக்குள் போகிறேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால், அட்டைக்குள்ளேயே நசுங்கிப் பொடியாகிக் கிடந்தது. உடனே வேறொன்றை மாற்றி வைத்தேன். இதுவும் தவறான பயன்பாடுதானா?

பதில்: விழுங்காத மாத்திரையால் ஈரலுக்கோ மூளைக்கோ கெடுதல் இல்லை, எனவே மருந்தியல் கணக்கில் இது தவறான பயன்பாடு ஆகாது. எட்டு மாதம் தாண்டியிருக்கிறீர்கள், முதலில் அதற்கு என் பாராட்டு.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. திடீர்ப் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கத் தொடங்கும். விழுங்கிய அல்பிரசோலம் ரத்தத்தில் உச்ச அளவைத் தொட 1 முதல் 2 மணி நேரம் ஆகும். அதாவது, முன்பு மாத்திரை போட்டு 'அப்பாடா' என்று நீங்கள் மூச்சு விட்ட பல தருணங்களில், மருந்து வேலையை முழுதாகத் தொடங்கும் முன்பே உங்கள் உடல் தன் வேலையை முடித்திருந்தது. பெயர் மட்டும் மாத்திரைக்குப் போயிற்று. பிறகு அதே பெயரைப் பொடியும் வாங்கிக்கொண்டது. எத்தனை கூட்டங்களுக்குள் அந்தப் பொடியை நம்பிப் போய்வந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நடத்தை சிகிச்சையில் இதைப் பாதுகாப்புப் பழக்கம் என்பார்கள். அது கையில் இருக்கும்வரை, அது இல்லாமலும் சமாளித்திருப்போம் என்பது மனதுக்குத் தெரியவே வழியில்லை. ஒரேயடியாக எறியச் சொல்ல மாட்டேன். நன்கு பழகிய, சிறிய கூட்டமுள்ள ஓரிடத்துக்குப் போகும்போது பர்ஸிலுள்ளதை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். படபடப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, இறங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். நான்கைந்து முறை அப்படிச் செய்த பிறகு வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். நேரம் குறித்த அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.